இன்னும் மருந்தாகாதது

ஊட்டியில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் நஸீமா. புற்றுநோய்ச் செல்லில் உள்ள ஒரு புரதத்தை எந்த மூலக்கூறு போய்ப் பிடித்துக்கொள்ளும் என்று கணினியில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது அவள் வேலை. ஒன்று நன்றாகவே பொருந்தியது. கல்லூரி விழாவில் அதைப் பற்றிப் பேசினாள். மறுநாளே, 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த ஊட்டிப் பெண்' என்று அவள் படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. மறுத்து எழுதினாள். அதை யாரும் பகிரவில்லை.

சில நாள் கழித்து ஓர் அழைப்பு வந்தது.

"ஏனுங்க மேடம், அரவேணுல இருந்து பிராங்ளின் பேசறனுங்க. காலேஜுல நம்பர் வாங்கினனுங்க. டீ ஃபேக்டரில வேலைங்க. அந்த மருந்து எப்பங்க கெடைக்கும்? சம்சாரத்துக்கு மார்புல கட்டிங்க. கோயமுத்தூர்ல போட்டுட்டிருந்த கீமோ ஊசிய நிறுத்திப்போட்டமுங்க."

அவள் பதறி வாயெடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. லேபைப் பூட்டிவிட்டுக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினாள். வெளியே எதுவும் தெரியாதபடி மூடுபனி. இன்னும் எத்தனை பேர் அந்தச் செய்தியை நம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

அரவேணுவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். பிராங்ளினின் மனைவி ரேகா தலையில் ஸ்கார்ஃப் கட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அது இன்னும் மருந்தே இல்லைங்க. கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் பாத்திருக்கோம். எலிக்குக்கூடக் குடுக்கலைங்க. ஊசிய மறுபடி ஆரம்பிச்சிருங்க" என்றாள் நஸீமா.

பிராங்ளினுக்கு முகம் செத்துப்போயிற்று. ரேகா மட்டும் அசையவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க. வாந்தியெடுத்து வாந்தியெடுத்து, இன்னொருக்கா அந்த ஊசி வேண்டாம்னு ஆயிருச்சு. இவரு செய்தியக் காட்டவும், நம்பற மாதிரி இருந்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, புள்ள?" என்றான் அவன்.

"சொன்னா அழுவீங்க."

நஸீமா அங்கிருந்தே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வாந்திக்கு வேறு மாத்திரை இருக்கிறது, உடனே அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். மறுநாள் காலை மூவரும் மலையிறங்கினார்கள். கட்டி சற்றுப் பெரிதாகியிருந்தது. ஊசி மீண்டும் ஆரம்பமானது.

அந்த மாதமே நஸீமாவின் மூலக்கூறை லேபில் புற்றுநோய்ச் செல்களில் சோதித்தார்கள். அது ஒன்றும் செய்யவில்லை. அவள் அழவில்லை. அடுத்ததைக் கணினியில் ஏற்றினாள். ஆனால் ரேகாவுக்கு அடுத்த ஸ்கேன் எடுத்த அன்று நஸீமாவுக்கு வேலை எதுவும் ஓடவில்லை. மாலையில் பிராங்ளின் கூப்பிட்டான்.

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குதாமுங்க. சாப்புட்டாளுங்க இன்னைக்கு."

"முழுசாப் போயிருமா?" என்று அவன் கேட்டான்.

"அத இப்பவே சொல்ல முடியாதுங்க. ஊசிய மட்டும் விட்டுராதீங்க" என்றாள் நஸீமா.