பெரியவள் சொல்லாமல் விட்டது

பெரியவளுக்கு வயிறு எரிந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்தி ஒரே ஆபீஸிலும் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரியாது?

அது செருப்புக் கம்பெனி. ஊர் ஊராகக் கடை. எல்லாக் கடை பில்லும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரே இடத்தில் வந்து சேரும்படி டேட்டா வேர்ஹவுஸைக் கட்டி எழுப்பியவள் பெரியவள். எந்த மேனேஜருக்கு எந்தக் கணக்கு வேண்டுமென்றாலும் அவள் மேஜைக்குத்தான் வர வேண்டும். வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொஞ்சம் சீக்கிரம் கிடைக்குமா மேடம் என்று குழைய வேண்டும். வியாழக்கிழமை பார்க்கலாம் என்பாள். திங்கட்கிழமையே முடித்து வைத்திருந்தாலும் வியாழக்கிழமைதான். அந்தக் குழைவைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

சின்னவள் வந்து அதில் மண்ணைப் போட்டாள். கேள்வியை டைப் அடித்தால் பதிலைப் படமாகப் போட்டுக் காட்டுகிற திரை ஒன்றை அவள் டீம் கொண்டுவந்தது. மேனேஜர்கள் அவரவர் இடத்தில் காபி குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள். பெரியவள் மேஜைக்கு எதிர் நாற்காலியில் இப்போது அவள் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போனால் மாமியார் வேறு சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். போதாக்குறைக்கு, ரெண்டு டீமையும் ஒன்றாக்கி ஒருத்தரைத் தலைவராகப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பதவி எனக்கா அவளுக்கா என்ற நினைப்பிலேயே பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய கணக்கின் விதிகளைப் புதுத் திரைக்கு மாற்ற வேண்டி வந்தது. சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விற்பனை என்றால் எது, ரிட்டர்ன் என்றால் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

ரிட்டர்னில்தான் சூட்சுமம். பிள்ளையைக் கூட்டி வராமல் குத்துமதிப்பாக ஷூ வாங்கிப் போனவர்கள், மறுநாள் வந்து வேறு அளவு மாற்றிக்கொண்டு போவார்கள். கடை கம்ப்யூட்டர் அதை ஒரு ரிட்டர்ன், ஒரு புது விற்பனை என்று எழுதிவிடும். பெரியவள் அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ரிட்டர்ன் கணக்குப் போடுவாள்.

"வேற ஏதாவது இருக்காக்கா?"

"அவ்ளோதான்."

முதலாளி முன்னால் திரை உளறட்டும். அப்போது எழுந்து திருத்திச் சொன்னால், பதவி யாருக்கு என்று தன்னால் முடிவாகிவிடும் என்பது பெரியவளின் கணக்கு.

மீட்டிங்கில் அப்படியே நடந்தது. எந்தக் கடையில் ரிட்டர்ன் அதிகம் என்று முதலாளி கேட்டார். திரையில், பிள்ளைகள் ஷூ மட்டும் விற்கிற கடையின் பட்டை மற்றதையெல்லாம் தாண்டி நெட்டையாக நின்றது. இத்தனை பேர் திருப்பிக் கொடுக்கிற கடை எதற்கு, மூடிவிடலாம் என்றார் அவர். பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. ரிட்டர்னுக்கு விளக்கம் கொடுத்தவர் என்று போட்டு, அவள் பெயர். ஒவ்வொரு கணக்குக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும், அக்கா உழைப்பு வெளியே தெரிய வேண்டும் என்று சின்னவள் போன வாரம் வீட்டில் சொன்னபோது, பெரியவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் அந்தக் கடையின் மேனேஜர் பதறிப்போய், எங்களிடம் யாரும் திருப்பித் தருவதில்லை சார், அளவுதான் மாற்றுகிறார்கள் என்று விளக்கினார். முதலாளி அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பெரியவளைப் பார்த்தார்.

"இத நீங்க சொல்லலையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "அக்கா சொன்னாங்க சார். நான்தான் விட்டுட்டேன்."

தப்பை ஒத்துக்கொள்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று முதலாளி அவளைப் பாராட்டவே ஆரம்பித்துவிட்டார். மேனேஜர்கள் தலையாட்டினார்கள். பெரியவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். பதவியே கிடைத்திருக்கும். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியாரை எடுத்துக்கொண்டாள், மேனேஜர்களை எடுத்துக்கொண்டாள், இப்போது நல்லவள் என்ற பேரையும் இவளே அள்ளிக்கொண்டு போவாளா?

"அவ பொய் சொல்றா சார்," என்றாள் பெரியவள். "நான் சொல்லவே இல்ல. வேணும்னுதான் சொல்லல."