பதினான்காம் பிரிவு

பட்டறையின் முன்னறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரச் சுழல் நாற்காலியில் அவள் கணவர். கதவருகே, ரப்பர் தகட்டுக் கட்டின் மேல் அவள் தம்பி. அவனுக்குப் பக்கத்தில், கால்சட்டையில் கரி ஒட்டிவிடுமோ என்று நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்த அவனுடைய வக்கீல். நடுவில், பதினொரு வருஷமாகக் கடிதம் எழுதிய மேஜைக்குப் பின்னால் அவள். அன்றைக்கு அவள்தான் நடுவர்.

தண்ணீர் பம்புகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் பட்டறை அது. கணவரும் தம்பியும் சரிபாதிக் கூட்டு. ஒப்பந்தம் எழுதிய நாளில் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்ற கேள்வி வந்தபோது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அவளைக் கைகாட்டினார்கள். பதினான்காம் பிரிவில் அவள் பெயர் ஏறியது. அவள் சொல்வதே முடிவு. ஒப்பந்தத்தின் அத்தனை பக்கங்களிலும் அவள் பெயர் இருந்த இடம் அது ஒன்றுதான். பங்கு என்ற பேச்சில் அவளை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கூட்டாளி தனியாகச் சரக்கு விற்றால் பட்டறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது ஆறாம் பிரிவு. கணவர் ஒரு பம்பு கம்பெனிக்குச் சொந்தப் பெயரில் விற்றார் என்று காதில் விழுந்ததும், தம்பி அவரை வாசலோடு நிறுத்தினான். அவர் நீதிமன்றம் போனார். தம்பியின் வக்கீல் பதினான்காம் பிரிவை நீட்டினார். எதிராளியின் அக்கா எப்படி நடுநிலையாக இருப்பாள் என்று கணவர் வாதாடினார். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கம்பெனிக்குப் போன கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் அவள்.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அவள் காலையில் தம்பியிடம் வேலைக்குப் போனாள், மாலையில் கணவரிடம் வீட்டுக்கு வந்தாள். கடைசியில் நீதிபதி இரண்டே பக்கத்தில் முடித்தார். உறவு தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள், பிரிவு செல்லும், அந்த அம்மாளிடமே போங்கள்.

தனியாக விற்றீர்களா என்று அவள் கணவரைக் கேட்டாள்.

"யாரோ சொன்னாங்கன்னா ஆச்சா? ஆதாரம் எங்க?"

தம்பியின் வக்கீல் தொண்டையைச் செருமினார். அவரிடம் ஒன்றுமில்லை. அவள் இழுப்பறையைத் திறந்து ஏழு கடித நகல்களை எடுத்துத் தேதிவாரியாக மேஜையில் பரப்பினாள்.

கணவரின் முகம் சுண்டிப்போனது. "இதுக்கும் நகல் வெச்சியா நீ?"

"எல்லாத்துக்கும் வைக்கிறதுதாங்க."

தம்பி எழுந்து வந்து எழுத்தைப் பார்த்தான். அவன் சந்தோஷப்படுவான் என்று அவள் ஒரு கணம் நினைத்தது உண்மை.

"உன் கையெழுத்து. மூணு வருஷமா என் எதிர்லயே உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கலையே அக்கா."

அவள் நகல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தீர்ப்பை நீ எப்படி வேணா எழுது. பட்டறை எனக்கு வந்தா இந்த மேஜையில என் வீட்டுக்காரி உக்காருவா. இனி உன்னை நம்பி ஒரு காகிதம் குடுக்க மாட்டேன்."

கணவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கேட்டுக்கிட்டியா? இவனுக்காகத்தான் புருஷனைக் காட்டிக் குடுக்கறே. இன்னும் எழுதலை பாரு. இந்த நகலையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டா முடிஞ்சது. நம்ம சோறு இது."

வக்கீல் கூரையைப் பார்த்தார். அவள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தாள். கணவர் ஆறாம் பிரிவை மீறினார், கூட்டிலிருந்து நீங்குகிறார், பட்டறை மற்றவருக்கு. கடிதங்கள் தன் கையால் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்தாள். மூன்று பிரதி, மூன்று கவர்.

தபால் அலுவலகத்துப் பெண் இரண்டு கவர்களை எடை போட்டுவிட்டு மூன்றாவதில் நின்றாள்.

"அனுப்புநர், பெறுநர் ரெண்டும் ஒரே விலாசமா இருக்கே. வீட்டுல கையிலயே குடுத்துடலாமே?"

"வாங்க மாட்டார். பதிவுத் தபால்லயே போகட்டும்."

அந்தப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். கவர் பைக்குள் விழுந்தது.