துணைக்கு வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க

மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த பஸ் டிரைவருக்கு பிரேக்கே பிடிக்காது. பெண் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "கணையத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றா. அதுக்கு என் கணையம்தான் காரணம்!" என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொள்வார்.

பொய்யில்லை. நாலு வருடமாக அவருக்குக் கணைய அழற்சி. சாப்பிட்டால் வயிற்றில் செருகிய கத்தி முதுகு வழியாக வருவதுபோல் வலிக்கும். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனாலும் கணையம் என்றதுமே பார்த்தவர்கள் எல்லாம் குடிகாரப் பட்டம் கட்டிவிட்டார்கள். மனைவியின் அண்ணனும் அதையே சொல்லப்போக, "என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று அவள் அண்ணனோடு பேச்சையே முறித்துக்கொண்டாள்.

ஒரு மாலை மகள் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டாக்டரம்மா, கப்பல் கவுந்துடுச்சா?"

"சிகரெட்டும் கணையத்தைக் கெடுக்கும்னுதானேப்பா என் ஆராய்ச்சியே. கேஸ் ஷீட்டைப் பாத்தா அறுபது பேருல பதினோரு பேருதான் பிடிக்கிறாங்களாம். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, தலைப்பை மாத்துங்கிறார் புரொபசர். ஆறு மாச உழைப்புப்பா!"

டிரைவருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. அந்த அறுபதில் அவருடைய ஷீட்டும் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்ட அறை கண்முன் வந்தது. ஒரு நாற்காலியில் அவர். அதை ஒட்டிய நாற்காலியில் மடியில் கைப்பையோடு மனைவி. "சிகரெட்?" என்று டாக்டர் வாயெடுத்ததும், "சீச்சீ, அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்று அவள் முந்திக்கொண்டாள். இவர் தலையாட்டி வைத்தார். டெப்போவின் பின்சுவரோரம், டிரிப்புக்கு ஒன்று என்று இருபது வருடப் பழக்கம் அது.

இப்போது சொன்னால் மனைவி அண்ணனிடம் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் மகளின் உழைப்பு மண்ணாகும்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நிற்கும்வரை பொறுத்திருந்தார். அவளும் கேட்கட்டும்.

"என் ஷீட்டு பொய்ம்மா. நான் பிடிக்கிறேன். உங்கம்மா பக்கத்துல இருக்கும்போது வாயைத் திறக்க முடியுமா? மத்தவங்களுக்கும் பக்கத்து நாற்காலியில யாராவது இருந்திருப்பாங்க."

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "பல்வலின்னு தினம் கிராம்பு மென்னது இதுக்குத்தானா? அண்ணன்கிட்ட எந்த முகத்தை வச்சிக்கிட்டு நிப்பேன்?"

ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைத் துழாவி, சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் எறிந்தாள்.

மறுவாரம் முதல் மகள் பரிசோதனை அறை வாசலில் நின்று, "துணைக்கு வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அறுபது பேரிடமும் மறுபடி கேட்டாள். கணையம் நன்றாக இருப்பவர்களில் அறுபது பேரையும் அதேபோல் தனியாகக் கேட்டாள். பதினொன்று நாற்பத்து மூன்றானது. அந்தப் பக்கமோ இருபதைத் தாண்டவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கல்லூரி அரங்கில் அவள் தன் ஆராய்ச்சியைப் படித்தாள். கடைசி வரிசையில் கஞ்சி போட்ட காக்கியில் டிரைவர், பக்கத்தில் மனைவி.

"தனியாக் கேக்கணும்னு எப்படிம்மா உனக்குத் தோணிச்சு?" என்று புரொபசர் கேட்டார்.

"ஒரு நோயாளி சொன்னார் சார்."

டிரைவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அந்த நோயாளி நான்தாங்க! இந்தப் பொண்ணைப் பெத்தவனும் நான்தான். விட்டு அஞ்சு மாசமாச்சு!"

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. மேடையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெருமையோடு திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி. பதறிப்போய் வெளியே வந்தார்.

வராந்தாவில் மனைவி போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அண்ணா, நான்தான். அவர் குடிக்கலைன்னு சொன்னேனே, அது சத்தியம். கெட்ட பழக்கமே இல்லேன்னதுதான் தப்பு. எல்லாம் சிகரெட்டால வந்த வினை. யாரு கண்டுபிடிச்சாங்கறியா? நம்ம பொண்ணு! கைதட்டறது கேக்குதா?" மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது. "பக்கத்துல யாரு, அண்ணியா? அவங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."