வீரா வீடு திரும்புகிறான்

கதையில் வரும் நாயைப் பார்க்க வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேனிலிருந்து இறங்குவதற்குள் வீராவின் கழுத்துப்பட்டையைப் புது நாய்க்கு மாட்டிவிட இசபெல்லா படாதபாடு பட்டாள். பட்டை பெரியது. ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுத்தான் இறுக்க முடிந்தது. பித்தளைத் தகட்டில் ‘வீரா’ என்ற பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

அவள் கணவர் ஆக்னல் எழுதிய நாவல்களெல்லாம் ஒரே அச்சு. மின்னல் என்ற குதிரை பள்ளத்தில் விழுந்து கிடக்கும். வீரா என்ற நாய் காடும் ஆறும் தாண்டி வீட்டுக்கு வந்து ஆளைக் கூட்டிப்போகும். பிள்ளைகள் அழுதுகொண்டே படிப்பார்கள். எழுதினவரோ ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரை பக்கத்தில் வந்தாலே தும்முவார். நாய் அறைக்குள் கால் வைத்தால் செருப்பு பறக்கும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

நிஜ வீராவுக்குக் கண்ணில் பூ விழுந்து, பின்னங்கால் இழுக்கத் தொடங்கியது. “பிள்ளைக இதையா பாக்க வருதுக?” என்றார் ஆக்னல். ஊசி போட்டுக் கொல்ல அவருக்கு மனசு வரவில்லையாம், பாவமாம். வடகவுஞ்சியிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சவ்சவ் காய் ஏற்றிப்போகும் குழந்தைவேலுவின் லாரியில் அனுப்பச் சொன்னார். வேண்டாத நாயை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கழித்துவிடுவார்கள். சந்தையில் தின்றுபிழைத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. நாய் எந்தக் காலத்தில் சவ்சவ் தின்றது?

“ஏற மாட்டேங்குதும்மா. நீங்க கூப்பிட்டாத்தான் கேக்கும் போல,” என்றான் குழந்தைவேலு. இசபெல்லா லாரியில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பன்னைக் காட்டிக் கூப்பிட்டாள். வந்தது. அவள் மடியில் தலைவைத்துத் தின்றது. அது தின்று முடிப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். போன மாதம் நடந்தது இது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் பன் வாங்குவதில்லை.

பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு சிறுமி பைன் காயை எறிந்தாள். புது நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேக் தட்டை நக்கியது.

“சார், எதை எறிஞ்சாலும் வீரா எடுத்துட்டு வந்துருவான்னு கதையில இருக்கே?”

“இன்னைக்கு அவனுக்கு மேலுக்குச் சரியில்ல பாப்பா.”

அப்போதுதான் இசபெல்லா கேட்டைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே பழைய வீரா நின்றது. விலா எலும்பை எண்ணலாம். ஒரு காது கிழிந்து தொங்கியது. அவளுக்குப் பெற்ற பிள்ளையைக் கண்டதுபோல் வயிறு குளிர்ந்தது. இதுதான் வீரா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாய் வீட்டுக்குள் வந்துவிடும். அந்த வார்த்தைக்குப் பிறகு ஆக்னல் பிள்ளைகள் முகத்தில் முழிக்க முடியாது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் புது நாயின் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தெரு நாய். கிட்ட போகாதீங்க, வெறி பிடிச்சிருக்கும்,” என்று ஆக்னல் ஒரு கல்லை எடுத்து வீசினார்.

குறி தப்பவில்லை. நாய் கத்திக்கொண்டு சுருண்டது. பிறகு எழுந்து, பூ விழுந்த கண்ணோடு தரையை மோந்து மோந்து தேடியது. கல்லைக் கவ்வியது. கேட்டுக்கடியில் தனக்கு மட்டும் தெரிந்த இடுக்கில் புகுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, ஆக்னலின் காலடியில் வைத்துவிட்டு, முன்னங்காலைத் தூக்கியபடி உட்கார்ந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். “சார், இதுவும் உங்க நாயா?”

ஆக்னல் சிரித்த முகம் மாறாமல் குனிந்து கல்லை எடுத்தார். எச்சிலும் ரத்தமுமாக இருந்த அதை இசபெல்லாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“நீ எறி இசா,” என்றார் மெதுவாக. “ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிடுகிடு பள்ளத்துல. நீ சொன்னாத்தான் கேக்கும்.”

கல் இன்னும் சூடாக இருந்தது. நாய் அவள் கையையே பார்த்தது. வால் புல்லைப் பெருக்க, ஓடுவதற்கு அது எழுந்து நின்றுகொண்டது.