கொஞ்சம் பாத்து வாங்க

புஷ்பமேரிக்கு யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேச வராது. பாலவாடி டீச்சருக்கு அது நல்ல குணம்தான், பிள்ளைகளோடு இருக்கும் வரைக்கும். பெற்றவர்களிடமும் அதையே வைத்துக்கொண்டிருந்தால் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

தாடிக்கொம்பை ஒட்டிய சின்ன ஊர். பாலவாடி திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். பவுடர் கரைத்த பால், பாட்டு, மதியம் ஒரு தூக்கம், எல்லாம் முடிந்து மூன்று மணிக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லாரும் வந்துவிடுவார்கள், பெருமாயியைத் தவிர. அவள் மகள் சோலையம்மாள் மட்டும் டீச்சரின் முந்தானையைப் பிடித்தபடி வாசலில் நிற்கும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடும். அதற்குப் பிறகுதான் பெருமாயி மூச்சிரைக்க வருவாள், மடி நிறையக் கத்திரிக்காயோடு.

"டீச்சரம்மாவுக்குன்னு பறிச்சேன். செத்த நேரமாயிப் போச்சு."

அந்த வெள்ளைச் சிரிப்பைப் பார்த்த பிறகு கோபிக்க யாருக்கு மனசு வரும்?

அடுத்த பஸ் ஆறு மணிக்கு. புஷ்பமேரி திண்டுக்கல்லில் இறங்கி, பேகம்பூரில் காதர் பீவியின் கதவைத் தட்டும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். கணவன் வால்பாறை எஸ்டேட்டில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவான். அதனால் மூன்று வயது மகள் ஜெசிந்தாவுக்குப் பகலெல்லாம் பக்கத்து வீட்டுக் காதர் பீவிதான் துணை. தாமதமாக வந்த குறுகுறுப்பில் கத்திரிக்காய் அத்தனையையும் புஷ்பமேரி அவள் கையில் கொடுத்துவிடுவாள். "எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்று அவளும் சிரித்தபடி வாங்கி வைப்பாள்.

ஒருநாள் புஷ்பமேரி துணிந்தாள். "அக்கா, நாளைக்குக் கொஞ்சம் பாத்து வாங்க" என்றாள். நேரத்தைப் பார்த்து என்று சொல்ல வந்ததில் பாதியை நாக்கு விழுங்கிவிட்டது.

மறுநாள் பெருமாயி இன்னும் கால்மணி தாமதம். "நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணாப் பாத்துப் பறிச்சேன். ஒரு சொத்தை இருந்தாச் சொல்லுங்க!"

"இம்புட்டு எதுக்குக்கா, வேணாமே" என்று சொல்லிப் பார்த்தாள் புஷ்பமேரி. நம் பக்கத்தில் வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம். அதற்கடுத்த நாள் முருங்கைக்காயும் சேர்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தாதான் கதவைத் திறந்தது. அம்மாவை ஏறிட்டுப் பார்த்தது. உள்ளே திரும்பி, "டீச்சர் வந்தாச்சு!" என்றது.

காதர் பீவி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளை பழகிய பெயர். அதன்மேல் குற்றமில்லை. ஆனாலும் புஷ்பமேரிக்கு மனசு ஆறவில்லை. ஊர்ப்பிள்ளைகளைக் கொஞ்சிக் கொஞ்சி, பெற்ற பிள்ளைக்கு டீச்சர் ஆகிப்போனோமே என்று அழுதாள்.

மறுநாள் பெருமாயி மடியை நீட்டியபோது அவள் கை நீட்டவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்குக் காய் வேணாம். நீங்க மூணு மணிக்கு வந்தாப் போதும். அந்த பஸ்ஸ விட்டா எம் மகளப் பாக்கப் பொழுது அடைஞ்சிருது."

பெருமாயி மடியை விட்டதில் காயெல்லாம் தரையில் உருண்டது.

"ஒங்களுக்குப் பிள்ள இருக்கா?"

"மூணு வயசு."

"அடி பாவி மகளே!" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? எனக்கு ரெண்டரைக்கே வேல முடிஞ்சிரும். ஒனக்குப் பறிக்கத்தானே மறுபடியும் காட்டுக்குள்ள எறங்குனேன்!"

இருவரும் குனிந்து காய்களைப் பொறுக்கினார்கள். பெருமாயி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் மூன்று மணி அடிக்குமுன் பெருமாயி வாசலில் நின்றாள். "இது டீச்சரம்மாவுக்கு இல்ல, மகளுக்கு. நேத்தே பறிச்சு வச்சேன்" என்று ஒரு பையைத் திணித்தாள்.

வெயில் இருக்கும்போதே வந்து நின்ற புஷ்பமேரியைக் காதர் பீவி அதிசயமாகப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ரொம்ப நாளாச் சொல்லணும்னு... தெனமும் இப்பிடியே வந்துருங்களேன். பொழுது அடைஞ்சதும் மஹ்ரிப் தொழுகையில நெத்தியத் தரையில வச்சா, ஒங்க மக முதுகுல ஏறி உக்காந்துக்கிறா. எறக்கிவிடவும் மனசு வரல, ஓதவும் ஓடல."

புஷ்பமேரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏங்க்கா இத்தன நாளாச் சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? தெனம் காயோட வந்து நிக்கிறீங்க. எங்க வீட்டுல கத்திரிக்காயே ஆகாது. எல்லாருக்கும் அரிக்கும்."

புஷ்பமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் பை நழுவியது. எடுக்கக் குனிந்தவளின் முதுகில் தொப்பென்று ஒரு பாரம் விழுந்தது. இரண்டு சின்னக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

"எந்திரிக்காதம்மா" என்றது ஜெசிந்தா.

புஷ்பமேரி எழுந்திருக்கவில்லை.