வீரராகவன் மூடிவைத்த காற்று

1
கரையான்சாவடியில் பேருந்துக்கு நின்றிருந்தபோது, ஒரு பெண் கைபேசியில் சொன்னாள்: “காத்து இவ்ளோ சுத்தமா கீதுன்னா எனக்கு பயமா கீது.” இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் அவ்வளவுதான். அவளுக்கு ஞானகுமாரி என்று பெயர் வைத்தேன். அம்பத்தூரில் காற்றை அளக்கும் ஆய்வகத்தில் வேலையும் கொடுத்தேன். துணைக்குத்தான் யாரையும் கொடுக்கவில்லை, என் கஞ்சத்தனம்.

2
முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் கட்டிவிட்டேன். (தேடிப் போகாதீர்கள், கிடையாது.) கச்சா எண்ணெயை விட்டுவிட்டு, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் டீசல் தயாரிக்கப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அனுமதி வேண்டும். ஊர்க்காற்றில் ஏற்கெனவே உள்ள தூசியோடு ஆலையின் தூசியைக் கூட்டினால் வரம்பு தாண்டக் கூடாது.

அதற்காக வீரராகவன் வீட்டு மொட்டைமாடியில் ஞானகுமாரி ஒரு மாதம் இயந்திரம் வைத்தாள். அவர் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுத் தனியாக இருப்பவர். வாரம் இருமுறை தூசி பிடிக்கும் தாளை மாற்ற வருவாள். கறுத்திருக்க வேண்டிய தாள் ஒவ்வொரு முறையும் வெளுப்பாகவே இருந்தது.

3
ஆலைக்காரர்கள் வீரராகவனை ரகசியமாகச் சந்தித்து

(இந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது அதைவிடச் சாதாரணம்.)

கடைசி நாள் சொல்லாமல் வந்து மாடியேறினாள். இயந்திரம் பாலித்தீன் உறைக்குள், கயிறு கட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாங்கய்யா இது?”

“பனி எறங்குதும்மா. மெஷினு கெட்டுட்டா உன்னத்தான திட்டுவாங்கோ? நீ வர்ற அன்னிக்கி காலைல அவுத்துருவேன்.”

“மாசம் பூராவா?”

“ஆமாம்மா. அது ஓடிக்கினே கீதுல்ல, ஊட்ல ஆளு இருக்கற மாரி கீது. இன்னிக்கி எட்த்துகினு போயிருவியா?”

அவள் திட்டாமல் கயிற்றை அவிழ்த்தாள். பருத்திப்பட்டில் தன் அறையின் மின்விசிறியை நிறுத்தாமல் வேலைக்குப் போகிறவள் அவள். திரும்பி வரும்போது ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று.

4
“நம்பர்தான் சூப்பரா கீதே, ஞானம். கையெழுத்த போடு, நாளைக்கு ஃபைல் போவணும்” என்கிறார் ஆய்வக மேலாளர் ஜெகதீஷ்.

போட்டால் அனுமதி கிடைக்கும். வரம்பு தாண்டிய காற்றை வீரராகவன் இழுத்துக்கொண்டிருப்பார். போடாவிட்டால் அவள் வேலை போகும். இயந்திரம் அந்த மாடிக்குத் திரும்பும். கொண்டு வருவது வேறு யாராவது.

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் அந்த மாடிக்கு அவளைத் திரும்ப அனுப்ப என்னால் முடியவில்லை. அது எனக்கு வலிக்கிறது.

அறிக்கையின் குறிப்புக் கட்டத்தில் அவள் ‘மறுபடி அளக்க’ என்று எழுதியபோது கைபேசி அடித்தது. வீரராகவன்.

“எப்பம்மா வருவே?”

பேனா இன்னும் தாளில்தான் இருக்கிறது. நான் இங்கேயே எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். முதலில் அவருக்கு ஏதாவது பதில் சொல்லுங்கள், லைனில் இருக்கிறார்.