மூடியில்லாத காலை

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் நிற்கும்போது மேலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது. இப்படியொரு விதி இருப்பதாக எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கும் எழுதி ஒட்டியதுமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மற்றவர்களின் இறுகிய முகங்களைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டார்கள். மார்கழிப் பனியில், காலை ஷிப்டில், ஒருவரையொருவர் பெயரிட்டு அழைப்பதைக்கூட அவர்கள் விட்டிருந்தார்கள். ஆள் தேவைப்பட்டால் மண்வெட்டிக் காம்பால் தண்ணீர்க் குழாயைத் தட்டுவார்கள். பெயர் சொல்லி அழைப்பது மேலே இருப்பவர்களின் காரியம். அந்த மேலே இருப்பவர்கள் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அம்சவல்லி அங்கே காண்ட்ராக்டில் வடிகாலின் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். வடக்கு விளிம்புக்கு அப்பால் வெட்டிய மண்ணைக் கொட்டிக் குவித்த மேடு ஒன்று உண்டு. அவளுடைய ஊர் அதன் அடியில் இருக்கிறது. சுரங்கத்துக்காக வீட்டுக் கூரையைப் பிரித்த அன்று, பிரிக்க விடமாட்டேன் என்று கத்திவிட்டு நடந்து போனவன் அவள் கணவன் கண்ணையன். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. தை பிறந்ததும் கருமாதி செய்து தாலியை இறக்கிவிடுவது என்று அவன் அண்ணன் முடிவு செய்திருந்தான்.

இந்த மார்கழியில்தான் அந்தக் குரல் "வல்லீ" என்று அழைக்கத் தொடங்கியது. அவளை அப்படிச் சுருக்கி அழைத்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

நாள்தோறும் விடியலில் சிவப்பிரகாசம் என்றொருவர் சுரங்கத்தில் இறங்குவார். அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகை எப்போது எங்கே போகும் என்று அறிவதற்காக டவுன்ஷிப்புக்கு வந்திருந்த வானிலைக்காரர். விளிம்பில் ஒரு வெப்பமானியும் அடியில் ஒன்றும் வைத்திருந்தார். ஒருநாள் அவர் வடிகாலுக்கு அருகில் வந்து நின்றபோது, அந்தக் குரல் அவருக்கும் கேட்கிறதா என்று அம்சவல்லி கேட்டுவிட்டாள்.

கேட்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பூமியைப் போர்த்தியிருக்கும் காற்று அடுக்கடுக்கானது. நாம் மூச்சு விடுவதும் மேகம் திரள்வதும் மழை பெய்வதும் தரையை ஒட்டிய முதல் அடுக்கில். அதில் மேலே போகப் போகக் குளிர் கூடும். நம் பக்கத்தில் பத்து மைலுக்குச் சற்று மேலே அது முடிகிறது. அடுத்த அடுக்கில் ஓசோன் என்ற வாயு வெயிலின் கொடுமையை வாங்கிக்கொள்வதால் குளிர் குறைந்துகொண்டே போகும். அதற்கும் மேலே மறுபடி கடுங்குளிர். எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் அங்கேதான் பொசுங்குகின்றன. அதற்கப்பால் காற்று மெலிந்து மெலிந்து வெறுமையில் கரைந்துவிடுகிறது.

சேற்றுக்கூடையை இறக்கிய ராயப்பன் மேஸ்திரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மேல இத்தினி மாடி காலியா கெடக்குதா? நமக்கு ஒரு குவார்ட்டர்ஸ் சொல்லி வைங்க சார்" என்றார். வடிகால் ஓரமெல்லாம் சிரிப்பு ஓடியது.

சிவப்பிரகாசமும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். மார்கழி விடியலில் மட்டும் முதல் அடுக்கின் ஒழுங்கு தரைக்கருகே தலைகீழாகும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிக்கொள்ள, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவியும். புகை மேலே எழ முடியாமல் தட்டையாகப் பரவுவது அதனால்தான். தொலைவில் எழும் ஒலியும் அந்த மூடியால் வளைந்து கீழே இறங்கும். சில மைல் தள்ளி இருக்கும் மந்தாரக்குப்பத்தில் பேசுவது காதருகே பேசுவதுபோல் விழக்கூடும்.

"அப்ப உசுரோட இருக்கிற ஆளுதான் கூப்ட்டுகினு இருக்குதா சார்?" என்றாள் அம்சவல்லி.

"செத்தவங்களுக்குத் தொண்டை ஏதும்மா?"

அதன்பின் அவளும் கவனித்தாள். அவர் சொன்னது பிசகவில்லை. புகை கூரைபோல் படிந்த காலைகளில் குரல் வந்தது. வெயில் ஏறிப் புகை கலைந்த கணத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் மந்தாரக்குப்பத்துக் கடைகளில் விசாரித்தாள். குள்ளஞ்சாவடி வரை போய் வந்தாள். கண்ணையனைப் பார்த்தவர் இல்லை. ஒருமுறை பதில் குரல் கொடுத்துப் பாருங்கள் என்று சிவப்பிரகாசம் சொன்னார். அவளால் முடியவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் சுற்றிலும் மண்வெட்டிகள் நின்றுபோயின. அத்தனை கண்களும் அவள் உதட்டில் இருந்தன.

போகிப் பண்டிகையன்று பனி இல்லை. வானத்தை மேகம் மூடியிருந்தது. தெற்கிலிருந்து ஈரக்காற்று விடாமல் வீசியது. வடக்குத்து ஊர்ப் பக்கம் பழம்பாய்களை எரித்த புகை தடையின்றி மேலெழுந்து சிதறிக்கொண்டிருந்தது. சிவப்பிரகாசம் விளிம்பிலும் அடியிலும் பார்த்தார். மேலே குளிர், கீழே வெதுவெதுப்பு. முதல் அடுக்கு தன் ஒழுங்கில் இருந்தது. இன்று குரல் வராது என்று அவளிடம் சொல்ல அவர் வடிகாலை நோக்கி நடந்தார்.

"வல்லீ."

காற்றை எதிர்த்து, வடக்கிலிருந்து வந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். விளிம்பு முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஆள் இல்லை. மண்மேட்டிலும் ஆள் இல்லை.

அம்சவல்லி கூடையைக் கீழே வைத்தாள். நாளை தை. சிவப்பிரகாசம் வேகமாக வந்து அவளருகே நின்றார்.

"இன்னிக்கு வேண்டாம்மா."

"நீங்கதான சார் பதில் குடுன்னு சொன்னீங்க?"

"இன்னிக்கு மேல மூடி இல்லை. தூரத்துக் குரல் இங்க வந்து சேர வழியே இல்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேசாம இருங்க. எல்லாரையும் போல இருங்க."

அவர் இதுவரை சொன்ன எதுவும் பொய்யானதில்லை.

"அப்ப தூரத்துல இல்ல" என்றாள். "கிட்டத்துலதான் நின்னுகினு இருக்குது."

"வல்லீ."

ராயப்பன் மேஸ்திரி மண்வெட்டிக் காம்பால் குழாயை அடிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் அடித்தார்கள். பள்ளம் முழுவதும் இரும்பு அதிர்ந்தது. அவள் வடிகாலின் கரைமேல் ஏறி நின்று, சேறு படிந்த கைகளை வாயருகே குவித்து, அத்தனை பேரும் பார்க்க, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்தாள்.

"இங்கதான் இருக்கேன் மாமா. எறங்கி வா."